முதல் டாங்குகளைப் பார்க்கப் போகிறீர்களா? கியர் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

டாங்க் மியூசியத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பீரங்கிக் குழாய்க்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். நான் குனிந்து டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) எந்தப் பக்கமாக ஓடுகிறது, பல்சக்கரம் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தொழில் புத்தி, வேறென்ன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் என் வேலைக்காலம் முழுக்க டிரான்ஸ்மிஷன் பக்கமே, அதாவது இன்ஜின் சக்தியை டிராக்குக்குக் கொண்டுபோகும் பாகங்களோடேயே கழிந்தது. முதலில் விஜயந்தா டாங்க். அப்புறம் ரஷ்ய டி-72, அதாவது நம்முடைய அஜேயா. ஓய்வு பெற்றபின் சவுத்தாம்ப்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, முதல் உலகப் போர் காலத்து டாங்குகளை இருக்கும் இடம் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படிப் போக நினைப்பவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் டாங்க் எப்படிப் பிறந்தது என்று சொல்லும் கட்டுரைகளில் முள்வேலி, இயந்திரத் துப்பாக்கி, பதுங்குகுழி, சர்ச்சில் எல்லாம் வந்துவிடும். எனக்கு அதில் எப்போதும் ஒரு குறை உண்டு. 1915-இல் பிரிட்டிஷ்காரர்களிடம் இரும்புத் தகடு இருந்தது, கடற்படையின் 57 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது, உழவு டிராக்டருக்குப் போட்ட 105 குதிரைத்திறன் டெய்ம்லர் இன்ஜினும் இருந்தது. அவர்களிடம் இல்லாதவை இரண்டுதான். குழியைத் தாண்டும்போது கழன்று விழாத டிராக் ஒன்று, இருபத்தெட்டு டன் இரும்பைத் திருப்பும் வழி இன்னொன்று. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு போனால், மியூசியத்தில் துருப்பிடித்த இரும்பாகத் தெரிபவை வேறு மாதிரி தெரியும்.

டாங்க் மியூசியம் இருப்பது இங்கிலாந்தின் பாவிங்டனில். சவுத்தாம்ப்டனிலிருந்து அங்கே போவது சுலபம். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேமத் போகும் ரயில் இந்த வழியாகத்தான் வரும். வூல் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினால் மியூசியம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். டாக்சியை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது, ஸ்டேஷன் வாசலில் வண்டி காத்திருக்கும் ஊர் இல்லை அது. ‘டைகர் டே’ என்று ஜெர்மன் டைகர் டாங்கை ஓட்டிக் காட்டும் நாட்கள் வருஷத்தில் உண்டு. கூட்டம் அலைமோதும். பழைய டாங்குகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு, பள்ளிக்கூடம் நடக்கும் ஒரு வார நாளில் போங்கள். செல்போன் டார்ச்சில் நன்றாகச் சார்ஜ் இருக்கட்டும். நாம் பார்க்க வேண்டியதெல்லாம் நிழலில்தான் இருக்கும்.

முதலில் ‘லிட்டில் வில்லி’ என்ற சோதனை வண்டி முன்னால் நில்லுங்கள். சும்மா ஒரு இரும்புப் பெட்டி மாதிரி இருக்கும், இன்ஜின்கூட உள்ளே இல்லை. கவசமும் கிடையாது, கொதிகலன் செய்கிற சாதாரணத் தகடுதான். ஆனாலும் நான் அதிக நேரம் நின்றது இதன் முன்னால்தான். 1915 பிப்ரவரியில் சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது ‘தரைக்கப்பல்’ (டாங்குக்கு அப்போதைய பெயர்) கமிட்டி ஒன்றை அமைத்தார். வண்டியைச் செய்யும் வேலை லிங்கன் நகரில் கதிரடிக்கும் இயந்திரமும் டிராக்டரும் செய்துகொண்டிருந்த வில்லியம் ஃபாஸ்டர் கம்பெனிக்குப் போனது. கம்பெனியை நடத்திய வில்லியம் டிரிட்டனும் கடற்படை விமானப் பிரிவின் லெப்டினென்ட் வால்டர் வில்சனும் சேர்ந்து ஆகஸ்டில் தொடங்கிய இந்த வண்டி செப்டம்பரிலேயே நகர்ந்துவிட்டது. சிகாகோவிலிருந்து வரவழைத்த புல்லக் டிராக் அதில் மாட்டியிருந்தது. சமதரையில் சரியாக ஓடிற்று. குழிக்கு மேல் போனபோது கீழ்ப்பக்கம் டிராக் தொளதொளவென்று தொங்கியது. மறுபக்கம் ஏறும்போது தொங்கிய டிராக் உருளைகளுக்கு நேராக வந்து உட்காராமல் கழன்றது.

டிராக் கழல்வது என்றால் என்ன என்று ஆவடியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சோதனை ஓட்டப் பாதையில் ஒரு வண்டி டிராக்கை உதறிவிட்டால் அன்றைய ஷிப்ட் போயிற்று. சம்மட்டி, இழுவைச் சங்கிலி, மீட்பு வண்டி, நாலு பேர் நாலு யோசனை. எதிரி சுடாத இடத்திலேயே அந்தப் பாடு.

டிரிட்டன் கண்ட வழி எளிமையானது. பிரஸ்ஸில் அழுத்தி வளைத்த எஃகுத் தகடுகளை இணைப்புகளின் மேல் ரிவிட் அடித்துக் கோத்தார். அந்த இணைப்புகளின் உள்பக்கத்தில் ஒரு விளிம்பு வைத்து, அது சட்டத்தில் இருக்கும் வழிகாட்டிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும்படி செய்தார். குழிக்கு மேல் போனாலும் டிராக் கீழே தொங்காது. லிட்டில் வில்லியின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அந்தக் கவ்வல் தெரியும். இது 1915 செப்டம்பர் கடைசியில் பிறந்த யோசனை. டிசம்பரில் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நம்முடைய டி-72 டிராக்கிலும் ரோடு வீல்களுக்கு நடுவே ஓடும் வழிகாட்டிக் கொம்பு ஒன்று உண்டு. அமைப்பு வேறு, கவலை அதேதான்.

அடுத்து மார்க் 1, போருக்குப் போன முதல் டாங்க் மாடல். உலகத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஹாட்ஃபீல்டு பூங்காவில் 1916 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் பதுங்குகுழிகள் வெட்டி முதல் மாதிரி வண்டியை அமைச்சர்களுக்கு ஓட்டிக் காட்டினார்கள். அதன் நினைவாகப் போர் முடிந்ததும் அந்தப் பூங்காவில் ஒரு மார்க் 1-ஐக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரை நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்து பிழைத்தது இந்த வண்டி. சாய்சதுர வடிவம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். டிராக்கை வண்டியின் உச்சி வரை சுற்றவிட்டதால் மூக்கு உயரமாகி, மூன்றரை மீட்டர் அகலக் குழியைத் தாண்ட முடிந்தது. இது வில்சனின் மூளை.

சரி, திருப்புவது? உள்ளே எட்டுப் பேர். அதில் நாலு பேர் வண்டியை ஓட்டுவதற்கு மட்டும். இன்ஜினுக்கு அடுத்து முதன்மை கியர் பெட்டி, அதில் முன்னால் போக இரண்டு கியர், பின்னால் போக ஒன்று. அதிலிருந்து டிபரென்ஷியல், அதாவது சக்தியை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கர அமைப்பு. அங்கிருந்து வண்டியின் பின்புறம் பக்கத்துக்கு ஒரு துணை கியர் பெட்டி, அதிலும் இரண்டு வேகம். துணைப் பெட்டிகளுக்கு ஆளுக்கொன்றாக இரண்டு கியர்காரர்கள். பிரேக் லீவர்கள் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கையில்.

இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று வையுங்கள். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். டிபரென்ஷியலைப் பூட்டுவார். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்பதால் இன்ஜின் மூடியில் தட்டி, பின்னால் இருப்பவர்களுக்குக் கையால் சைகை காட்டுவார். இடது கியர்காரர் தன் பெட்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவருவார். ஓட்டுநர் முதல் கியர் போட, அதிகாரி இடது பிரேக்கை இழுத்துப் பிடிக்க, வலது டிராக் மட்டும் ஓடி வண்டி அப்படியே இடது பக்கம் சுழலும். போதும் என்றதும் மறுபடி நிறுத்தி, இடது பெட்டியைக் கியரில் கோத்து, பூட்டை எடுத்து, புறப்பட வேண்டும். தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, முன்னால் இருப்பவர் துண்டை ஆட்டி, மறுபக்க வடத்தை மட்டும் இழுக்கச் சொல்வார்களே, அதே வேலைதான். தேர் மேல் யாரும் சுடமாட்டார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பின்னால் இரண்டு சக்கரம் மாட்டியிருந்தார்கள், மெதுவாகத் திரும்ப உதவும் என்று. போர்க்களத்துச் சேற்றில் ஒன்றுக்கும் உதவவில்லை. மார்க் 2-இலேயே எடுத்துவிட்டார்கள்.

மார்க் 4 வரைக்கும் இந்த நாலு பேர் ஏற்பாடுதான். மாற்றியது மார்க் 5. 1917 மார்ச்சில் ஓல்ட்பரியில் பலவகை டிரான்ஸ்மிஷன்களைப் பொருத்திய டாங்குகளை ஓட்டிப் பார்த்தார்கள். பெட்ரோல்-மின்சாரம், ஹைட்ராலிக் என்று எல்லாம் இருந்தது. ஜெயித்தது வில்சனின் எபிசைக்ளிக் அமைப்பு. நடுவில் ஒரு கியர், அதைச் சுற்றி ஓடும் சின்ன கியர்கள், வெளியே உட்பல் போட்ட ஒரு வளையம். வளையத்தைப் பட்டைப் பிரேக்கால் பிடித்தால் சக்தி போகும், விட்டால் போகாது. பல்லோடு பல்லைத் தேடிக் கோக்கும் வேலையே இல்லை. இதைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்ததும் ஓட்டுநர் ஒருவரே, வண்டியை நிறுத்தாமல், திருப்ப முடிந்தது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது. விஜயந்தாவில் நாங்கள் பொருத்திய டி.என்.12 கியர் பெட்டிக்கு முழுப் பெயர் மெரிட்-வில்சன். மானுவலில் எத்தனையோ தரம் படித்த பெயர். யார் அந்த வில்சன் என்று ஷாப்பில் யாரும் யோசித்ததில்லை, நானும்தான். லிங்கனில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து மார்க் 1 வரைந்த அதே வில்சன். டி-72-இலும் பக்கத்துக்கு ஒரு எபிசைக்ளிக் பெட்டிதான், நடுவில் டிபரென்ஷியலே கிடையாது. ஓடும்போது இடது பக்கம் திரும்ப இடது பெட்டியை ஒரு கியர் கீழே இறக்குவார்கள், அவ்வளவே. இங்கிலாந்து, ரஷ்யா என்று எங்கே சுற்றி வந்தாலும் ஆவடியில் எங்கள் கையில் வந்து சேர்ந்தது 1917-இல் தேறிய அந்த யோசனையின் வாரிசுகள்தான். அங்கிருந்த ஒரு தன்னார்வலரிடம் இதைச் சொன்னேன். அவரும் பழைய மெக்கானிக். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை, வூல் போக வேண்டிய டாக்சிக்காரர்தான் கோபித்துக்கொண்டார். தன்னார்வலர்களிடம் பேசுங்கள். பலர் ராணுவத்திலோ பட்டறையிலோ இருந்தவர்கள், பலகையில் எழுதாத விஷயமெல்லாம் அவர்களிடம் இருக்கும்.

உள்ளே இருந்த மனிதர்கள் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள, திறந்திருக்கும் கதவு எதிலாவது தலையை விட்டுப் பாருங்கள். நடு அறை முழுவதையும் இன்ஜினே அடைத்துக்கொண்டிருக்கும். தடுப்புச் சுவர் கிடையாது. சூடு 50 டிகிரி செல்சியஸ் வரை போகும். பெட்ரோல் ஆவி, எரிந்த புகை, வெடிமருந்துப் புகை எல்லாம் ஒரே காற்றில். மார்க் 1-இல் பெட்ரோல் தொட்டி எங்கே தெரியுமா? வண்டியின் முன்பகுதியில், ஓட்டுநருக்கு இரு பக்கமும். பம்ப் இல்லை, உயரத்திலிருந்து தானாக வடிய வேண்டும். மூக்கு செங்குத்தாகக் குழிக்குள் இறங்கினால் இன்ஜினுக்கு பெட்ரோல் வராது. மார்க் 4-இல்தான் தொட்டியைப் பின்னால் வெளியே தள்ளிக் கவசம் போட்டார்கள்.

பீரங்கி வைத்ததை ஆண் டாங்க் என்றும் இயந்திரத் துப்பாக்கி மட்டும் வைத்ததைப் பெண் டாங்க் என்றும் அழைத்தார்கள். மார்க் 1 பெண் டாங்கின் பக்கக் கதவின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். தீப்பிடித்தால் அதன் வழியே ஆட்கள் தவழ்ந்து வர வேண்டும். கதவை அளந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், என் உடம்புக்கு அது ஆகாது. தகட்டில் குண்டு பட்டால் உட்பக்கம் பொடிப்பொடியாக இரும்பு தெறிக்கும். அதற்காகத் தோலில் செய்து கீழே இரும்பு வளையத் திரை தொங்கவிட்ட முகமூடி கொடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று இருக்கும், தாண்டிப் போய்விடாதீர்கள்.

பிரெஞ்சுக்காரர்களின் ரெனோ எஃப்.டி. பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆறரை டன், இரண்டே ஆள், சுழலும் கோபுரம், பின்னால் இன்ஜின். இன்றைய டாங்குகளின் தளவமைப்பு அதில் வந்துவிட்டது. ஜெர்மானியர்களின் ஏ7வி இருபது வண்டியோடு நின்றுபோனது. பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு, தரையை உரசுகிற வயிற்றோடு குழி தாண்டவே தவித்தது. மிஞ்சிய ஒன்று ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் இருக்கிறது. அந்தப் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் போய்ப் பார்க்கலாம்.

புத்தகமோ வீடியோவோ பார்க்கும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ‘இத்தனை டாங்க் இழப்பு’ என்று வந்தால், எதனால் என்று கேளுங்கள். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸின் சோம் போர்க்களத்தில், ஃப்ளேர் ஊர்ப் பக்கம், டாங்குகள் முதல் முறையாக இறங்கின. கையில் இருந்தவை 49. அதில் பத்துக்கும் மேற்பட்டவை தாக்குதல் தொடங்கும் இடத்துக்கே வந்து சேரவில்லை. எதிரியின் குண்டு ஒன்றுகூடப் படாமல் இருந்த நிலையில்! 1917 நவம்பர் 20, காம்ப்ரே. 476 டாங்குகள் இறங்கின. முதல் நாள் நின்றுபோனவை 179. எதிரி அடித்தது 65. இயந்திரக் கோளாறில் நின்றது 71. குழியிலும் சேற்றிலும் மாட்டியது 43. அதாவது எதிரி நிறுத்தியதைவிட இயந்திரக் கோளாறு நிறுத்தியதுதான் அதிகம். 1918 ஆகஸ்ட் 8, ஆமியென்: நானூறுக்கும் மேற்பட்ட டாங்குகளோடு தொடங்கினார்கள், ஐந்தாம் நாள் போருக்குத் தயாராக இருந்தவை ஆறு. அதில் ஓடியவை பெரும்பாலும் திருப்பச் சுலபமான மார்க் 5-கள்தான். ஆனால் காற்றோட்டம் முன்பைவிட மோசமாகி, உள்ளே இருந்தவர்கள் கார்பன் மோனாக்ஸைடில் மயங்கி விழுந்தார்கள். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லைக் காட்டும். எங்கள் ஷாப்பில் தினம் பார்த்ததுதான்.

லிங்கனுக்கு ஒரு பகல் போதும். கதீட்ரலுக்கும் கோட்டைக்கும் இடையில் இருக்கிறது வைட் ஹார்ட் ஹோட்டல். டிரிட்டனும் வில்சனும் வரைபடம் போட்ட அறை அங்கேதான். கொஞ்சம் நடந்தால் பழைய படைமுகாம் கட்டடத்தில் லிங்கன்ஷயர் வாழ்க்கை மியூசியம், உள்ளே ஒரு மார்க் 4. கதிரடிக்கும் இயந்திரங்களோடும் கலப்பைகளோடும் அது ஒரே கூரையின் கீழ் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அதன் உறவுக்காரர்கள் அவைதானே. கீழே ஊருக்குள் டிரிட்டன் பெயரில் சாலையும், டாங்க் நினைவுச் சிற்பமும் இருக்கின்றன. மேட்டில் ஏறுவது முழங்காலுக்குச் சோதனை, அதனால் மேலே உள்ளதை முதலில் முடித்துவிடுங்கள்.

பிரான்ஸுக்கு மாப்பிள்ளைதான் காரில் கூட்டிப் போனார். “மாமா, இதுக்கும் ஒரு டாங்க்தானா?” என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். இந்திய பாஸ்போர்ட்டில் வருகிறவர்கள் கவனிக்க: பிரிட்டன் விசா பிரான்ஸுக்குச் செல்லாது, ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே திட்டமிடுங்கள். கடலடிச் சுரங்க ரயிலில் காரை ஏற்றி கலே இறங்கினால், காம்ப்ரே பக்கத்து ஃப்ளெஸ்கியேர் கிராமம் இரண்டு மணி நேரத்துக்குள். பஸ்ஸை நம்ப வேண்டாம். மியூசியம் சின்னது, திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள்.

அங்கே இருப்பது டி51 என்ற எண்ணும் டெபோரா என்ற பெயரும் கொண்ட மார்க் 4. காம்ப்ரே போரின் முதல் நாளே அடிபட்டது. பின்னால் கிராமத்திலேயே புதைத்துவிட்டார்கள். உள்ளூர்க்காரரான ஃபிலிப் கோர்சின்ஸ்கி பல ஆண்டுகள் தேடி 1998-இல் தோண்டி எடுத்தார். 2017 நவம்பரில் மியூசியம் திறந்தார்கள். பாவிங்டனில் இருப்பதுபோல் பெயின்ட் அடிக்கவில்லை, நிமிர்த்தி வைக்கவில்லை. குண்டு துளைத்த இடத்தில் தகடு உள்பக்கமாகக் கிழிந்து மடங்கியிருக்கிறது. ரிவிட்டுகள் தெறித்துப் போன ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. ஆவடியில் எத்தனையோ வண்டிகளை ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்திருக்கிறேன், ஆனால் அங்கெல்லாம் வண்டி மறுபடி ஓடப்போகிறது என்று தெரியும். அந்த வண்டியில் இறந்தவர்கள் பக்கத்திலேயே பிரிட்டிஷ் கல்லறையில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கே போனபின் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்.

காம்ப்ரேயில் ஹிண்டன்பர்க் கோடு என்ற ஜெர்மன் பாதுகாப்பு வரிசையின் குழிகள் மார்க் 4 தாண்ட முடியாத அகலம். அதற்காக விறகுக் கட்டுகளைச் சங்கிலியால் இறுக்கி, ஒன்றரை டன்னுக்குக் குறையாத உருளையாக்கி, ஒவ்வொரு டாங்கின் கூரையிலும் ஏற்றினார்கள். குழிக்குள் அதை உருட்டிவிட்டு அதன் மேல் ஏறிப் போவார்கள். அந்தக் கட்டுகளைச் செய்தவர்கள் சீனத் தொழிலாளர் படையினர். இந்தியர்களும் அதே களத்தில் இருந்தார்கள். 1917 டிசம்பர் 1 அன்று லான்ஸ் தஃபேதார் கோபிந்த் சிங் மூன்று முறை குதிரையில் செய்தி கொண்டுபோனார். மூன்று முறையும் குதிரை சுடப்பட்டது. விக்டோரியா கிராஸ் பெற்றார். ஒரே போர்க்களத்தில் டாங்கும் குதிரையும். டாங்குகளே செய்தி அனுப்பப் புறா வைத்திருந்த காலம்.

திரும்பி வரும்போது சுரங்க ரயில் ஃபோக்ஸ்டனில் இறக்கிவிடும். லண்டன் சாலையில் கொஞ்ச தூரத்தில் ஆஷ்ஃபோர்டு. ஊர் நடுவில் கூரை போட்டு ஒரு மார்க் 4 பெண் டாங்க் நிற்கிறது. டிக்கெட் கிடையாது. போர் முடிந்ததும் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு இப்படி டாங்க் பரிசளித்தார்கள். பிறகு கிட்டத்தட்ட எல்லாமே பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆஷ்ஃபோர்டு வண்டி தப்பியதற்குக் காரணம், 1929-இல் அதன் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு மின்சார டிரான்ஸ்பார்மரை வைத்துவிட்டார்கள். 1960-கள் வரை அந்த வட்டாரத்துக்குக் கரன்ட் அதிலிருந்துதான். நம்ம ஊரில் டிரான்ஸ்பார்மரைச் சுற்றி முள்வேலி போட்டு மண்டையோடு படம் மாட்டுவார்கள். இவர்கள் கவசமே போட்டுவிட்டார்கள் என்றேன். மாப்பிள்ளை அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். கார் நிறுத்த மட்டும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.